கண்ணாடி மிஸ்ஸும் என் நாக்கும்

மாத்தளை மாவட்டத்தில் மின்விசிறியோடு சண்டை போட்டு ஜெயித்த ஒரே மனிதப்பிறவி எங்கள் கண்ணாடி மிஸ்தான். புயலே வந்திருந்தாலும், "தூள அளந்து முடிச்சிர்றேன், அப்புறம் அடிங்க" என்று வாசலில் நிற்க வைத்திருப்பார். புயலும் பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேசாமல் நின்றிருக்கும்.

பலாபத்வலயைத் தாண்டி யாழ்ப்பாண வீதியோரத்தில் எங்கள் வாசனைச் சரக்குக் கம்பனி. நான் அங்கே ருசி பார்ப்பவன். மிளகோ கராம்போ சாதிக்காயோ, என் நாக்கைத் தாண்டித்தான் கப்பல் ஏறும். வாப்பா டவுனில் மிளகு வியாபாரம் செய்தவர் என்பதால் இந்தப் பழக்கம் எனக்குப் பாலோடு வந்தது. எந்தத் தூளைக் கண்டாலும் ஒரு சிட்டிகை எடுத்து, விரலில் தேய்த்து, முகர்ந்து, நாக்கு நுனியில் வைத்துவிடுவேன். கை தானாகப் போகும். கரம் விளையாடக் கூப்பிட்ட நண்பர்கள், நான் போர்டில் கொட்டிய பவுடரை ருசி பார்ப்பதைக் கண்டு அதற்குப் பிறகு கூப்பிடவே இல்லை.

மிஸ் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து பஸ்ஸில் வருபவர். கம்பனி ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பு. மிளகுத் தூளில் பப்பாசி விதையை அரைத்துக் கலப்பவர்களைப் பிடிப்பது அவர் வேலை. அதற்கு மிளகின் மரபணுவைப் பிரித்தெடுக்க வேண்டுமாம். அதற்கு ஒரு வெள்ளைத் தூள் இருந்தது. முழுப் பெயர் செட்டைல் டிரைமீதைல் அமோனியம் புரோமைட்டு. இதைச் சொல்லி முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும் என்பதால் எல்லோரும் சுருக்கமாக சீட்டாப் என்போம். சவர்க்காரத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம், ஆனால் குணம் கெட்ட சொந்தம். கண்ணில் பட்டால் கண்ணைக் கெடுக்கும், தோலை எரிக்கும், மூச்சில் போனால் தொண்டையைப் பிடிக்கும்.

அந்த டப்பாவைத் திறக்குமுன் மிஸ் மின்விசிறியை நிறுத்துவார். ஜன்னலைச் சாத்துவார். கையுறை, முகக்கவசம், கண்ணாடி எல்லாம் மாட்டியபின், தூங்கும் பிள்ளையின் போர்வையை விலக்குவதுபோல மூடியைத் திறப்பார். ஒரு மார்ச் மாத வெயிலில் நான் விசிறியைப் போட்டுவிட்டேன். எங்கள் ஆட்களின் வழக்கப்படி என்னை 'நானா', அதாவது அண்ணன் என்றுதான் மிஸ் கூப்பிடுவார்.

"நானா! தூளு பறக்கும்! நிப்பாட்டுங்க!"

"மிஸ், நான் இங்க அவிஞ்சி போற."

"காத்து வேணும்னா வெளிய போய் மாமரத்துக்குக் கீழ நில்லுங்க. அது இலவசம்."

இப்போது மிஸ் கண்டிப் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டார். ஆய்வுகூடத்தில் விசிறி நாள் முழுக்க ஓடுகிறது. எனக்கு என்னவோ அந்தக் காற்று பிடிப்பதில்லை.

கண்ணாடி மாட்டாமல் அந்த அறைக்குள் ஈ கூடப் போக முடியாது. பல்பு மாற்ற வந்தவர் மாட்டினார். வெளிநாட்டிலிருந்து மிளகு வாங்க வந்தவரோடு எங்கள் முதலாளி வந்து, "நான் முதலாளி, எனக்குமா?" என்றார். "கண்ணுக்கு அது தெரியாதுங்க சேர்" என்றார் மிஸ். முதலாளி மாட்டினார். இறுக்கமான கண்ணாடி. சாயங்காலம் வரை கண்ணைச் சுற்றி இரண்டு வளையத்தோடு ஆந்தை மாதிரி கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை கல்யாண வீட்டில் சமையல்காரர் கொதிக்கும் எண்ணெயில் வடை போடுவதைக் கண்டு மிஸ்ஸுக்குப் பொறுக்கவில்லை. கைப்பைக்குள்ளிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டார். அந்த மனிதர் அதைத் திருப்பித் தரவே இல்லை. மாப்பிள்ளையோடு எடுத்த படத்திலும் கண்ணாடியோடு நிற்கிறார்.

ஒரு ஜனவரிக் காலை. குளிர். சீட்டாப் கரைத்து வைத்த போத்தல் வெள்ளையாக உறைந்து கிடந்தது. கெட்டுவிட்டது, உதவி செய்வோம் என்று நான் பலமாகக் குலுக்கினேன். நுரை மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி என் முழங்கை வரை வந்தது.

"சோடாப் போத்தலா நானா இது? குளிர்ல உறையும், இளஞ்சூட்டுத் தண்ணியில வச்சா தன்பாட்டுக்குக் கரையும்!" என்று கத்திக்கொண்டே என் கைகளைக் குழாயடியில் பிடித்துக் கழுவி, சட்டையையும் கழற்ற வைத்தார். அன்று முழுக்க நான் அலுவலகத் திரைச்சீலையைப் போர்த்திக்கொண்டு கராம்பு ருசி பார்த்தேன்.

மிச்சக் கரைசலைத் தொட்டியில் ஊற்றவும் விடமாட்டார். அதற்கென்று மூடிபோட்ட கலன். ஏன் என்றால், "தொட்டித் தண்ணி கானு வழியா ஓடைக்குப் போகுது. மீனுக்கு யாரு கண்ணாடி மாட்டுறது?" என்பார்.

இப்படிப்பட்டவரின் ஆய்வுகூடத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

அன்று முதலாளி மிஸ்ஸை அவசரமாகக் கூப்பிட்டிருக்கிறார். நிறுத்து வைத்த சீட்டாப்பைச் சின்னத் தட்டில் அப்படியே மேசையில் விட்டுவிட்டு மிஸ் ஓடியிருக்கிறார். நான் வெள்ளை மிளகின் மாதிரிப் பொட்டலத்தோடு உள்ளே வந்தேன். மேசையில் வெள்ளைத் தூள். இது யாருடைய மிளகு, இவ்வளவு வெள்ளையாக அரைத்திருக்கிறார்கள் என்று ஒரு கணம்தான் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் சிட்டிகை நாக்கில் இருந்தது.

கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. பிறகு எரிச்சல். பிறகு நாக்கு எங்கே என்று தேட வேண்டியிருந்தது. திரும்பி வந்த மிஸ் தட்டைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார்.

"நானா, என்ன செஞ்சீங்க?"

"ஒன்னும் செய்யல்ல மிஸ். சும்மா ருசி பாத்த." ஒவ்வொரு சொல்லுக்கும் உதட்டில் ஒரு குமிழி வந்து உடைந்தது.

அந்தக் குமிழியைக் கண்டதும் என் தைரியமெல்லாம் கழன்று விழுந்தது. "யா அல்லாஹ், நுரை தள்ளுது, நான் மவுத்தாகப் போற!" என்று அலறினேன். சத்தம் கேட்டு டிரைவர் பண்டா ஒரு பெரிய கோப்பையில் உப்புத் தண்ணீரோடு ஓடிவந்தார். "நானா, குடி! வாந்தி எடு, எல்லாம் சரி!" நான் கோப்பையைப் பறித்து வாயருகே கொண்டுபோய்விட்டேன். மிஸ் ஒரே தட்டு. தண்ணீர் முழுவதும் பண்டாவின் சட்டையில்.

"வாந்தி எடுக்கக்கூடாது! நுரை நெஞ்சுக்குள்ள எறங்கிரும்! வாயக் கொப்பளிங்க, முழுங்காமத் துப்புங்க. அங்க இல்ல நானா, தொட்டியில இல்ல! பக்கெட்டுல!"

சாகப்போகிறவனைக் கூட மீனை நினைத்துத் துப்பச் சொன்ன ஒரே ஆள் அவர்.

பண்டா திரீவீலரைப் பறக்கவிட்டார். மிஸ் ஒரு கையில் சீட்டாப்பின் பாதுகாப்பு விபரத் தாள், மறு கையில் என் சட்டைக் கொலர், கண்ணில் கழற்ற மறந்த கண்ணாடி. என் மடியில் தண்ணீர்ப் போத்தலும் அந்தப் பக்கெட்டும். நான் மரண வாக்குமூலம் கொடுக்கத் தொடங்கினேன். "மிஸ், என்ட மோட்டார் சைக்கிள மச்சானுக்குக் குடுக்க வாணாம். அவன் எண்ணெய் மாத்த மாட்டான்."

"பேசாதீங்க நானா, கொப்பளிங்க."

"வீட்டுல சொல்லுங்க, நான் ஈரலிப்பான மிளகுக்கு ஒருநாளும் 'நல்லம்' சொன்னதில்லன்னு."

"கொப்பளிங்க!"

ஆஸ்பத்திரியில் தாதி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்து, கண்ணாடி போட்ட மிஸ்ஸைத்தான் முதலில் கட்டிலில் படுக்கச் சொன்னார். டொக்டர் தாளை வாசித்தார். "எவ்வளவு?" என்று கேட்டார். "விரல் நுனியில ஒரு சிட்டிகை" என்றார் மிஸ். "ஏன் வாயில போட்டீங்க?" என்று டொக்டர் என்னைக் கேட்டார். "தொழில் பழக்கம்" என்றேன். அவர் அதையும் தாளில் எழுதிக்கொண்டார்.

அளவு கொஞ்சம், கொப்பளித்ததும் உடனே என்பதால் உயிருக்கு ஆபத்தில்லை என்று, சாயங்காலம் வரை வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். ஆனால் மறுநாள் காலை தேத்தண்ணி குடித்தால் சுடுதண்ணி. பாண் தின்றால் பஞ்சு. கொச்சிக்காயைக் கடித்தால் எரிகிறது, ருசி மட்டும் இல்லை. வீட்டில் மனைவி, "மூனு வேளையும் குத்தம் சொல்லாமத் தின்னுறீங்க, இப்படியே இருங்க" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மிளகுக் காலம் தொடங்கியிருந்தது. மூட்டைகள் வந்து அடுக்காகிக்கொண்டிருந்தன. "பார்ப்போம்" என்றார் முதலாளி. அந்தச் சொல் எனக்குச் சீட்டாப்பைவிடக் கசந்திருக்கும், கசப்புத் தெரிந்திருந்தால். வேறு தொழில் எனக்குத் தெரியாது. நாக்கில்லாத நான் அந்தக் கம்பனியில் ஒரு காலி மூட்டை.

மிஸ் தினமும் மத்தியானம் மாமரத்துக்குக் கீழே எனக்கு ஒரு பார்சல் கொண்டுவந்தார். முதலில் காரமில்லாத கஞ்சி, பிறகு பருப்பு, பிறகு கீரை.

"இன்னைக்கு எப்படி நானா?"

"நேத்து ஈரக் கடதாசி மிஸ். இன்னைக்குக் காஞ்ச கடதாசி."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். நான் பகிடி விட்டுவிட்டு, யாரும் பார்க்காதபோது மிளகை ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் பலாக்கொட்டைக் கறி. முதல் கவளம் வைத்ததும் உப்பு! தலைமயிர் சிலிர்க்கிற உப்பு. அதன் பின்னால் மெல்ல மஞ்சள், தேங்காய்ப்பால், ஓரத்தில் ஒரு துணுக்குக் கறுவா. எழும்பி ஆட வேண்டும் போலிருந்தது. ஆனால் எதிரே மிஸ் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளியின் சொந்தத் தோட்டத்து மிளகையே பூஞ்சணம் என்று ஒதுக்கிவைத்த வாய் இது. அன்றைக்கு அந்த வாய், "அருமை மிஸ். உப்பு அளவா இரிக்கி" என்றது.

மிஸ்ஸின் முகம் அப்படியே வாடிப்போயிற்று.

"இன்னும் வரலையா நானா? நான் வேணும்னேதான் ரெண்டு மடங்கு உப்புப் போட்டேன். அதுகூடத் தெரியலையா?" கையிலிருந்த தன் பார்சலைக் கீழே வைத்தார். "எல்லாருக்கும் சட்டம் பேசிட்டு, நான்தானே தட்ட மூடாமப் போனேன்."

"ஐயோ மிஸ், வந்திட்டுது! முதல் வாயிலேயே வந்திட்டுது! வாயில வைக்க ஏலாத உப்பு! உங்கட மனசு நோகும்னுதான்…"

"பொய் ரிசல்ட் குடுத்தீங்களா?" சத்தத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "டெஸ்ட்ல யாராவது மனசு பாப்பாங்களா? நீங்கெல்லாம் ருசி பாக்குற ஆளா?"

நன்றாகத் திட்டி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு, தன் பார்சலைப் பிரித்தார். அதிலும் அதே பலாக்கொட்டைக் கறி. எனக்கென்று தனியாகச் சமைக்கவில்லை. அவர் வீட்டில் எல்லோருக்கும் அன்று அதே சட்டிதான்.

ஒரு வாய் வைத்தார். முகம் சுருங்கியது. "கொஞ்சம் கூடதான் நானா" என்றார்.

நான் தண்ணீர்ப் போத்தலை அவர் பக்கம் தள்ளினேன். அவர் தன் அப்பளத்தில் பாதியை உடைத்து என் பக்கம் வைத்தார். இருவரும் ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டு முடித்தோம்.