வயிற்றுக்கடியிலா, வாலிலா?

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மாமனார் மிகுந்த அன்போடு எழுதுவது. நானும் உங்கள் அத்தையும் சௌக்கியம். உங்கள் அம்மா சௌக்கியம். உங்கள் அப்பாவும் சௌக்கியமாகவே இருக்கிறார். அதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

நீங்களும் எங்கள் பெண் பாப்பாவும் வேலை விஷயமாக வெளியூர் கிளம்பியபோது, வீட்டையும் தோட்டத்தையும் எங்கள் நால்வரிடமும் ஒப்படைத்துவிட்டு, "குட்டி டிராக்டர் வாங்கியாச்சு. அதுல மாட்டுற புல்வெட்டிய மட்டும் மாமாவும் அப்பாவும் பேசி முடிவு பண்ணி வாங்கிடுங்க" என்று காரில் ஏறிக்கொண்டே சொன்னீர்கள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். ஆனால் புல்வெட்டியில் இரண்டு வகை உண்டு என்பதைச் சொல்லவில்லை. ஒன்று டிராக்டரின் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில், வயிற்றுக்கடியில் தொங்குவது. இன்னொன்று பின்னால் வால் மாதிரி மாட்டிக்கொள்வது. நான் காலமெல்லாம் பஸ் ஓட்டியவன். வெட்டுகிற பிளேடு என் காலடியில், என் கண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும் என்றேன். உங்கள் அப்பா கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்தவர். சர்வீஸ் முழுக்கக் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து, கடந்து போனதையே பார்த்துக்கொண்டு வந்தவர். "பின்னாடி இருக்கிறதுதான் சம்பந்தி பாதுகாப்பு" என்றார். கடையில் நாங்கள் பேசிய பேச்சில் வந்த கூட்டம் திரும்பிப் போயிற்று. கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டு, "ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. ஓட்டிப் பாத்துட்டுப் பிடிச்சத வச்சுக்குங்க" என்று அனுப்பிவைத்தார்.

முதலில் வால். சம்பந்தி என்ற மரியாதைக்காக விட்டுக்கொடுத்தேன். மாட்டுவது சுலபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். காபி ஆறுவதற்குள் மாட்டிவிட்டார். முழங்கால் உயரப் புல்லையும் அது அசராமல் வெட்டியது. ஆனால் பின்சக்கரம் மிதித்துப் படுத்த புல் வெட்டுப்படாமல் இரண்டு கோடாக எழுந்து நின்றது. தண்டவாளம் மாதிரி இருக்கிறது என்று அவர் சந்தோஷப்பட்டார். அதுகூடப் பரவாயில்லை. கழுத்தைத் திருப்பி வாலைப் பார்த்தபடியேதான் ஓட்டினார். முன்னால் என்ன வருகிறது என்று பார்ப்பது இன்ஜின் டிரைவரின் வேலை என்று அவருக்குப் பழக்கம்; இங்கே டிரைவரும் தாமேதான் என்பது ஞாபகத்துக்கு வரவில்லை. வண்டி நேராகத் துணிக்கொடியைப் பார்த்துப் போயிற்று. "சம்பந்தி, முன்னாடி பாருங்க" என்று கத்தினேன். கையசைத்தார். கடைசி நேரத்தில் சட்டென்று திருப்பியதில் வால் ஒரு வீச்சு வீசிக் கொடிக்கம்பத்தைச் சாய்த்தது. உங்கள் அம்மாவின் புடவை தலையில் விழ, அதோடு வேலிவரை போய் வண்டியை நிறுத்தி, புடவைக்குள்ளிருந்தே, "வெட்டு சீரா இருக்கா?" என்று கேட்டார்.

மறுநாள் என் முறை. வயிற்றுக்கடியில் மாட்டுவது என்றால் தரையில் படுத்து ஊர்ந்து இரும்புப் பின்னைக் கோக்க வேண்டும். படுத்தேன், ஊர்ந்தேன், கோத்தேன். வெளியே வரத்தான் முடியவில்லை. டிராக்டரின் வயிற்றுக்கும் என் வயிற்றுக்கும் நடுவில் இடம் போதவில்லை. உங்கள் அப்பாவின் செருப்பு மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது.

"சம்பந்தி, உதவி வேணுமா?"

"வேணாம்."

செருப்பு நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இப்ப?" என்றார்.

பிறகு அவரே என் காலைப் பிடித்து இழுத்தார். பெண்ணைக் கொடுத்தவன் காலைப் பிள்ளையைப் பெற்றவர் பிடித்தது நம் வீட்டில்தான் நடந்திருக்கும். ஆனால் வெட்டு இருக்கிறதே, மாப்பிள்ளை, விரித்த ஜமுக்காளம் மாதிரி. மரத்தைச் சுற்றி, பூப்பாத்தியைச் சுற்றி, நினைத்த இடத்தில் வளைந்தது. கிணற்றடி மேட்டில் ஏறியபோது மட்டும் அடியில் தொங்கியது தரையைச் சுரண்டி, புல்லோடு மண்ணையும் வழித்து, நடுவே வட்டமாக ஒரு வழுக்கை விழுந்தது. அந்த நேரம் பார்த்து உங்கள் அப்பா தொப்பியைக் கழற்றினார். நான் மேட்டைப் பார்த்துத்தான், "வழுக்கையும் ஒரு அழகுதான்" என்றேன். அவர் அதைத் தப்பாக எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து நாங்கள் நேரில் பேசுவதில்லை. சாப்பாட்டு மேஜையில் நான் உங்கள் அத்தையிடம், "உப்பு எங்க இருக்குன்னு கேளு" என்றால், உங்கள் அப்பா உங்கள் அம்மாவிடம், "பின்னாடி அலமாரில இருக்குன்னு சொல்லு" என்கிறார். "நடுவுல வச்சா எல்லாருக்கும் எட்டும்னு சொல்லு" என்றேன். பெண்கள் இருவரும் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார்கள். அங்கிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வருகிறது. நேற்று பாப்பா போன் செய்து, "ரெண்டு அப்பாவும் எப்படி இருக்கீங்க?" என்று கேட்டாள். ஒரே போனில் தனித்தனியாக, "நல்லா இருக்கேன்" என்றோம். உடனே, "என்னப்பா சண்டை?" என்றாள். ஒரு புல்வெட்டிக்காக என் பெண் புகுந்த வீட்டில் தலைகுனிய வேண்டுமா? நாளைக் காலை கடைக்காரர் வந்து ஒன்றைத் திரும்ப எடுத்துப் போகப்போகிறார். இந்தக் கடிதத்தை இப்போதே படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். மரமும் பாத்தியுமாக இருக்கிற சமதரைக்கு வயிற்றுக்கடிதான் பொருத்தம் என்று உங்கள் அப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

உங்களுக்கும் பாப்பாவுக்கும் எங்கள் ஆசிகள் என்றும் உண்டு. வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நடுநிலை தவறாத உங்கள் மாமனார்

பி.கு.: படம் பிடிக்கக் கண்ணாடியைத் தேடி எழுந்து போனேன். திரும்பி வந்தால் உங்கள் அப்பா என் நாற்காலியில் உட்கார்ந்து முழுவதையும் படித்துக்கொண்டிருக்கிறார். படித்து முடித்துக் காகிதத்தை மடித்து, "நியாயமாத்தான் எழுதியிருக்கீங்க சம்பந்தி. வயித்துக்கடியிலேயே மாட்டிடலாம்" என்றார். அவர் அப்படி இறங்கி வந்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. "சேச்சே, வாலே இருக்கட்டும். அந்த மேட்டுக்கு அதுதான் லாயக்கு" என்றேன். "என் பேச்சுக்கு மரியாதை இல்லையா? வயிறுதான்" என்றார். "பெண்ணைக் கொடுத்தவன் சொன்னா கேக்கக் கூடாதா? வால்தான்" என்றேன். மறுபடியும் பேச்சு நின்றுவிட்டது. ஆகவே மாப்பிள்ளை, மேலே 'நான்' என்று வருகிற இடத்திலெல்லாம் 'உங்கள் அப்பா' என்றும், 'உங்கள் அப்பா' என்று வருகிற இடத்திலெல்லாம் 'நான்' என்றும் மாற்றிப் படித்துக்கொள்ளவும்.