பனியன் கம்பெனியில் நான் வளர்த்த எலெக்ட்ரான் மேகம்

படித்த பெண் என்று வீட்டில் வாங்கிய பெயரைக் கெடுத்துக்கொள்ள எனக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமானதாக இருந்தது.

அப்போது நான் இயற்பியல் ஆராய்ச்சி மாணவி. துகள் முடுக்கியின் குழாய்க்குள் திரியும் எலெக்ட்ரான் ஒன்று சுவரில் மோதினால் இரண்டு கிளம்பும். இரண்டும் மோதினால் நான்கு. அந்த மேகம் எவ்வளவு திரளும் என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. திங்கட்கிழமை பேராசிரியரிடம் முடிவைக் காட்ட வேண்டும். என் லேப்டாப்போ மூச்சு வாங்கியது.

வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் மாமாவிடம் (அம்மாவின் தம்பி) போய் நின்றேன். துணி வெட்டுவதற்கான பேட்டர்ன் வரைய அங்கே பெரிய கம்ப்யூட்டர் ஒன்று உண்டு.

"நாளைக்கு லீவுதானுங்க மாமா, சும்மாதானே கெடக்குது?"

"தாராளமா ஓட்டு கண்ணு. திங்கக்கெழம பத்து மணிக்கு ஆர்டர் குடுக்கற பையர் சாம்பிள் பார்க்க வர்றாரு. அதுக்குள்ள முடிச்சுப்போடு."

கூட்டம் சேர்ந்தால் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும். அதனால் மேகம் ஓர் அளவில் நின்றுவிடும். அந்தத் தள்ளுமுள்ளைக் கணக்கிடத்தான் நேரம் பிடிக்கும். சீக்கிரம் முடியட்டும் என்று அந்தக் கணக்கை மட்டும் அணைத்து ஓடவிட்டு (என்ன ஒரு மூளை!) பிரியாணி சாப்பிடப் போய்விட்டேன்.

திங்கள் காலை கட்டிங் மாஸ்டர் செல்லையா அண்ணன் போன் செய்தார். தென்காசிக்காரர்.

"தாயி, மிசினு அசைய மாட்டேங்கு. பேட்டர்ன் எப்படி எடுக்க?"

ஓடினேன். எலெக்ட்ரான்கள் பெருகிப் பெருகி டிஸ்க்கில் ஊசி நுழைய இடமில்லை. பதற்றத்தில் பிளக்கைப் பிடுங்கினேன். மறுபடி போட்டால் கறுப்புத் திரை. பேட்டர்னும் அதற்குள்ளேயே போயிற்று.

பையர் சரியாகப் பத்துக்கு வந்தார். அந்த ஆர்டரை நம்பித்தான் மாமா புதிதாகப் பத்து மெஷின் இறக்கியிருந்தார். "நீயே சொல்லு கண்ணு" என்றார். சொன்னேன். கால் மணி நேரம், சாம்பிளுக்காக மேஜையில் விரித்திருந்த துணியிலேயே சாக்பீஸால் குழாயும் எலெக்ட்ரானும் வரைந்து விளக்கினேன்.

"அந்தத் துணியாவது மிச்சமிருந்துச்சு, தாயி" என்றார் செல்லையா அண்ணன்.

பையர் கடைசிவரை கேட்டுவிட்டு, "சாம்பிள் எப்ப சார்?" என்று மாமாவிடம் கேட்டார். நல்ல மனுஷர், ஒரு நாள் அவகாசம் தந்தார். பேட்டர்னைப் புதிதாக வரைந்தார்கள், ஆர்டரும் தப்பியது. மாமா ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

போன வருடம் என் கல்யாணத்துக்கு அழைக்கவேண்டியவர்களின் பட்டியல் எழுத உட்கார்ந்தோம். ஒரு பெரியப்பா பெயரைச் சொன்னால் இரண்டு சம்பந்தி வீடு சேர்ந்தது. அவர்களைச் சொன்னால் நான்கு. நான்காவது பக்கம் தாண்டியதும் மாமா பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, இதுலயும் அந்தத் தள்ளுமுள்ளை அணைச்சுப்போட்டியா?"