அழுதாலும் கொடுக்காதீர்

காலை ஒன்பதரை மணிக்கு பிரம்மநாயகத்தின் கையிலிருந்த சாவிக்கொத்து தானாகச் சலசலத்தது.

அவர் கையை முறைத்துப் பார்த்தார். "நில்லுல" என்றார்.

கை நிற்கவில்லை. தாராவி தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் இருந்த அந்தச் சந்தில், பிரம்மநாயகம் அண்ணாச்சி சொல்லி ஒரு விஷயம் நிற்காமல் போனது அதுதான் முதல் தடவை. கீழே கடலைமிட்டாயும் ரவா லட்டும் தயாராகும் பட்டறை, மேலே வீடு, நடுவில் செங்குத்தாக ஓர் இரும்பு ஏணி. இரண்டு மாடிக்கும் அவர் வைத்ததுதான் சட்டம். அப்படிப்பட்டவரைச் சொந்தக் கையே எதிர்த்தால் எப்படி இருக்கும்?

"ஏட்டி முத்துமாரி! அந்த லேப்காரன் எங்கன வாரான்னு கேளு!"

மேலேயிருந்து மனைவியின் குரல் மட்டும் இறங்கி வந்தது. "சாய்நாத்து குர்லாவுல டிராஃபிக்ல நிக்கானாம். பத்தரை ஆவுமாம். அதுவரைக்கும் பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் வாயில வைக்கக்கூடாதுன்னு சொன்னான்."

"நான் நேத்து ராத்திரில இருந்தே ஒண்ணும் வைக்கல. எங்கிட்டயா சொல்லுதான்?"

அன்றைக்கு எடுக்கப்போகும் ரத்தத்தில்தான் அண்ணாச்சியின் மானம் இருந்தது. எட்டு வருஷமாக அவருக்குச் சர்க்கரை. காலையில் ஒரு மாத்திரை, அதோடு சரி என்று ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பொங்கல் சமயத்தில் என்ன கேடோ, வெறும் வயிற்றிலேயே இருநூற்று நாற்பதுக்குப் போய்விட்டது. மாட்டுங்கா ரஞ்சனா டாக்டர் மாத்திரையை இரண்டாக்கினார். அடுத்த மாதம் இருநூற்று அறுபது.

"இந்தத் திங்கக்கிழமை டெஸ்ட்ல இருநூறுக்கு மேல இருந்ததுன்னா இன்சுலின்தான் சார். தினமும் ஊசி" என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஊசியா? எனக்கா? என் ஒடம்பு டாக்டர். நான் சொன்னா கேக்கும்" என்று சட்டையை உதறிக்கொண்டு எழுந்து வந்தவர் அவர். அதற்குப் பிறகு டாக்டர் சொன்ன நாலைந்து முக்கியமான விஷயங்கள் காலி நாற்காலியின் காதில்தான் விழுந்தன.

உண்மையில், சர்க்கரை விஷயத்தில் அண்ணாச்சியைப் போல முன்ஜாக்கிரதையானவர் மும்பையிலேயே கிடையாது. பட்டறையில் சர்க்கரைத் தூள் பறந்து மூக்கு வழியாக ரத்தத்தில் கலக்கிறது என்று கண்டுபிடித்து, இரண்டு மாதமாக முகமூடி போட்டுக்கொண்டுதான் கீழே இறங்குகிறார். சுவரில் அவரே ஒரு அறிவிப்பு எழுதி ஒட்டியிருந்தார்:

'முதலாளிக்கு இனிப்பு கொடுப்பவர் அன்றே வேலையை விட்டு நின்றுகொள்ளலாம். முதலாளியே கேட்டாலும் சரி, அழுதாலும் சரி. சர்க்கரை அலமாரிப் பூட்டில் சாவியைப் போட்டால் பிடுங்கவும்.'

தமிழ் வாசிக்கத் தெரியாத தலைமுறைக்காக அதையே கீழே இந்தியிலும் எழுதியிருந்தார்.

எழுதியதோடு விடவில்லை, பரீட்சையும் வைத்தார். போன மாதம் ஒருநாள் திடீரென்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "வெங்கடேசு, ஒரு துண்டு கடலைமிட்டாய் கொடுல, உசுரு போவுது" என்றார். மேஸ்திரி வெங்கடேஷ் இளகின மனசுக்காரர். பிள்ளைகுட்டிக்காரர் வேறு. விரல்நுனி அளவு ஒரு துண்டைப் பயந்து பயந்து நீட்டினார். அண்ணாச்சி அந்த நொடியே நிமிர்ந்து, "தோத்துட்டியேலே!" என்று இரண்டு நாள் அவரை வெளியே நிறுத்திவைத்தார். ஒரு வாரம் கழித்து நடந்த இரண்டாவது பரீட்சையில் ஒருவரும் அசையவில்லை. அண்ணாச்சிக்குப் பரம திருப்தி.

அப்படியானால் அண்ணாச்சி இனிப்பே சாப்பிடமாட்டாரா என்றால், அதற்கும் வழி வைத்திருந்தார். தீபாவளி முடிந்த கையோடு, மெடிக்கலில் விற்கும் சர்க்கரையில்லாத இனிப்புப் பொடியை வாங்கிவந்து, தனக்கென்று தனியாக லட்டு பிடிக்கச் சொல்லி சைனப்பிடம் கொடுத்தார். மேலப்பாளையத்துக்காரியான சைனப் பட்டறையில் பாக்கிங் பார்ப்பவள். நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். முதல் டப்பாவை அண்ணாச்சி வாயில் வைத்த வேகத்தில் எறிந்தார். "இது லட்டா, பல்லுப்பொடியா? ஒழுங்காப் பிடிக்கத் தெரியாட்டா ஊரப் பாத்துப் போ!" அடுத்த வாரமே பக்குவம் கைக்கு வந்துவிட்டது. அன்றிலிருந்து நீல டப்பாவில் தினம் ஆறு லட்டு.

"மூளை வேணும்ட்டி. ஊர்ல சுகர் வந்தவன் எல்லாரும் இனிப்ப விடுதான். நான் சுகர விட்டுட்டேன், இனிப்ப விடல" என்று மனைவியிடம் பெருமை அடித்துக்கொள்வார்.

இந்த நாலு நாளாக, ஊசியை எதிர்த்து நடத்தும் போரில், அந்த நீல டப்பாவைக்கூட அவர் தொடவில்லை. ஒருவேளை கேப்பைக் கஞ்சி. நேற்று ராத்திரி அதுவும் இல்லை. போதாக்குறைக்கு நம்பர் நன்றாக இறங்கட்டும் என்று, விடிந்ததும் இரண்டு மாத்திரையையும் வெறும் வயிற்றிலேயே போட்டுக்கொண்டார்.

இப்போது கை மட்டுமல்ல, முழங்காலும் ஆடியது. முகமூடிக்குள் வியர்வை கொட்டியது.

'ஒடம்புக்குக் கொழுப்பு. நாலு நாள் ரெஸ்டு கொடுத்தேன்ல, அதான்' என்று முடிவுக்கு வந்தார் அண்ணாச்சி. அதற்குத் தண்டனையாக இரும்பு ஏணியில் நாலு தடவை ஏறி இறங்கினார். ஐந்தாவது தடவை மேலே போனபோது வாசல் இரண்டாகத் தெரிந்தது. நல்லவேளையாக, இருந்ததில் நிஜ வாசல் வழியாகவே உள்ளே போனார்.

முத்துமாரி அவர் சட்டையைப் பார்த்துப் பதறினாள். "அய்யோ, என்னங்க இப்பிடி நனைஞ்சிருக்கீய? சுகர் ஏறிட்டு போல!"

"நான் நாலு நாளா ஒண்ணும் திங்கலட்டி!"

"திங்காட்டா என்ன, அது எதையாவது பிடிச்சு ஏறும். இந்தாங்க, பாவக்காய்ச் சாறு. இதுல என்ன இருக்கு, இதுவும் தண்ணிதான்."

அண்ணாச்சி ஒரு டம்ளர் பாகற்காய்ச் சாற்றைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். நடுக்கம் கூடியது. இன்னொரு டம்ளர் கொடுத்தாள். அண்ணாச்சிக்குக் காரணமே இல்லாமல் கோபம் வந்தது. சுவரில் ஓடிய பல்லியைத் திட்டினார், குர்லாவைத் திட்டினார், முத்துமாரியின் அப்பாவைத் திட்டினார். அவள் வீட்டிலிருந்த சுகர் மிஷினை எடுத்து, அவர் விரலில் குத்திப் பார்த்தாள்.

மிஷினில் ஐம்பத்திரண்டு என்று வந்தது.

இருவரும் மிஷினையே பார்த்தார்கள். பொங்கலிலிருந்து இருநூறுக்குக் கீழே ஒரு நம்பரை அந்த வீடு கண்டதில்லை. டாக்டர் எப்போது பார்த்தாலும் குறைங்க, குறைங்க என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார்?

"அம்பத்திரண்டுங்க!" முத்துமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "ஜெயிச்சிட்டீய!"

"பாத்தியாட்டி!" அண்ணாச்சி எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். "எரநூறுக்குள்ள கொண்டுவான்னு சொன்னா அந்த டாக்டரம்மா. அம்பத்திரண்டு! எனக்கா ஊசி போடுவ?"

"நான் போய் மாரியம்மனுக்கு ஒரு சூடம் கொளுத்திட்டு வந்துருதேன். நேர்ந்திருந்தேன்" என்று முத்துமாரி செருப்பை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கி ஓடினாள்.

அண்ணாச்சியும் வெற்றிச் செய்தியை அறிவிக்கக் கீழே இறங்கினார். கடைசி மூன்று படி அவர் காலில் படவே இல்லை.

"அம்பத்திரண்டுல!" என்றார் தரையிலிருந்து.

வெங்கடேஷ் கைதட்டினார். மற்றவர்களும் கைதட்டினார்கள். கைதட்டல் அண்ணாச்சிக்குத் தூரத்தில் எங்கேயோ ரயில் போவதுபோல் கேட்டது. அப்போதுதான், டாக்டர் அறை வாசலைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் கேட்ட ஒரு குரல் அவர் மண்டைக்குள் மெதுவாக வந்து சேர்ந்தது. 'நடுங்கினா, வேர்த்தா, உடனே சர்க்கரை வாயில போடுங்க சார். ரொம்பக் குறைஞ்சாலும் ஆபத்து.'

அண்ணாச்சிக்கு வாழ்க்கையில் முதல்முறையாகப் பயம் வந்தது.

"வெங்கடேசு. ஒரு கை சக்கரை கொடு."

வெங்கடேஷின் முகத்தில் ஒரு புன்னகை மலர்ந்தது.

"மூணாவது பரீட்சையா அண்ணாச்சி?"

"பரீட்சை இல்லலே! நிஜமா கேக்கேன்!"

"போன தடவையும் நிஜமாத்தான் கேட்டீய." வெங்கடேஷ் நிதானமாகப் போய்ச் சர்க்கரை மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டார். "பாகுக்காரங்க எல்லாரும் தட்டத் தூக்குங்கப்பா. அண்ணாச்சி கைக்கு எட்டக்கூடாது."

ஆறிக்கொண்டிருந்த கடலைமிட்டாய்த் தட்டுகள் ஒவ்வொன்றாகத் தலைக்கு மேலே போயின. நாலாபக்கமும் இனிப்பு, நடுவில் அண்ணாச்சி. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தூள் சர்க்கரை அலமாரி வரை போய்ச் சேர்ந்து, சாவியைப் பூட்டில் போடப் பார்த்தார். சாவி பூட்டைச் சுற்றி எல்லா இடத்துக்கும் போனது, ஓட்டைக்குள் மட்டும் போகவில்லை. வெங்கடேஷ் வந்து மரியாதையாகச் சாவிக்கொத்தை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"சாவியப் போட்டா பிடுங்கணும். போர்டுல இருக்கு அண்ணாச்சி."

"அந்தப் போர்டக் கிழில!"

"கிழிக்கணும்னு போர்டுல இல்லையே."

அண்ணாச்சி தரையில் சரிந்து உட்கார்ந்தார். தான் பழக்கிய விசுவாசம் தன்னையே கொல்லப்போகிறது என்பது அவருக்கு நன்றாகப் புரிந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "ஏலே, சத்தியமாச் சொல்லுதேன். செத்துருவேன்ல."

"அழுதாலும் கொடுக்கக்கூடாது" என்று வெங்கடேஷ் மற்றவர்களுக்கு நினைவூட்டினார். "போன தடவ கண்ணீர் வரல. இந்தத் தடவ நெசமாவே வருது பாருங்க. க்யா ஆக்டிங் ஹை!"

சைனப் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அண்ணாச்சியின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது வெளுத்துப்போயிருந்தது. சட்டென்று எழுந்துபோய் மேல் தட்டிலிருந்த நீல டப்பாவை எடுத்துவந்தாள்.

"அக்கா! ரூல்ஸ்!" என்று கத்தினார் வெங்கடேஷ்.

"இது அவுக லட்டு. சக்கரை இல்லாததுதானே. இதக் கொடுக்கக்கூடாதுன்னு போர்டுல இருக்கா?"

வெங்கடேஷ் போர்டைத் தமிழில் ஒரு தடவையும் இந்தியில் ஒரு தடவையும் படித்தார். "இல்ல. இது செல்லும். ஆனா இதக் கொடுத்து என்ன பிரயோஜனம்?"

சைனப் டப்பாவைத் திறந்தாள். லட்டை உடைத்து அண்ணாச்சியின் வாயில் வைத்தாள். மென்று முழுங்கும்வரை தாடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் இன்னும் இரண்டு. பரீட்சைதான் என்று நம்பிய மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

கால் மணி நேரத்தில் வியர்வை நின்றது. வாசல் ஒன்றானது. அண்ணாச்சி தன் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே நீட்டிப் பார்த்தார். அசையாமல் நின்றன.

உடனே அவருக்குப் பழைய குரலும் திரும்பிவிட்டது. "ஏலே வெங்கடேசு! சாவியக் கொடு! மூட்ட மேல உக்காந்தா மொதலாளி ஆயிருவியா?"

அந்த நேரத்தில்தான் ஊசிப்பெட்டியோடு சாய்நாத் உள்ளே நுழைந்தார். பின்னாலேயே நெற்றி நிறையக் குங்குமத்தோடு முத்துமாரி. தாராவியிலேயே பிறந்து வளர்ந்த மராட்டியர் சாய்நாத். நம் தமிழை இந்தி கலந்து நன்றாகவே பேசுவார். வீட்டு மிஷினில் ஐம்பத்திரண்டு வந்த கதையை முத்துமாரி சந்தோஷமாகச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் மாறிவிட்டது.

"அம்பத்திரண்டா? அரே அண்ணா, அது ஜெயிச்சது இல்ல, ஆள் காலியாவுற நம்பர்!" அவசரமாக விரலைக் குத்திப் பார்த்தார். நூற்றுப் பதினெட்டு. "பச் கயா, தப்பிச்சிட்டீங்க. மாத்திர இன்னும் ஒடம்புல இருக்கும், மறுபடி எறங்கும். இப்பவே டாக்டர்கிட்ட சலோ. என்ன கொடுத்தீங்க? சக்கரத் தண்ணியா?"

"சக்கரையா?" அண்ணாச்சி எழுந்து நின்றார். இடுப்பில் கை வைத்துக்கொண்டார். "ஒரு துளி சக்கரை உள்ள போவல தம்பி. இந்தப் பயலுக கொடுக்கல, நானும் தோக்கல. என் லட்டு, சக்கரையே இல்லாத லட்டு, நாலு தின்னேன், எந்திரிச்சிட்டேன்."

"ஹோயேகா நஹீ அண்ணா. சக்கர இல்லாம இவ்வளவு சீக்கிரம் ஏறாது."

"ஏறாதா? இப்ப ஏறிச்சில்ல! நீங்க படிச்ச படிப்பு வேற, என் ஒடம்பு வேற. வாங்க, அந்த ரஞ்சனா டாக்டர்கிட்டயே போவோம். எனக்கா ஊசின்னு கேக்கேன். பொங்கல்ல இருந்து இருநூறு, இருநூறுன்னு என்னைய மெரட்டுனாளே, என்னத்தத் தின்னு ஏறிச்சு? தினம் ஆறு லட்டு திங்கேன், அதுலயும் சக்கரை கிடையாது. யாராவது பதில் சொல்லுங்கல பாப்போம்!"

சைனப் இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியை அவிழ்த்து, மடித்து, போர்டுக்குக் கீழே இருந்த ஆணியில் மாட்டினாள்.

"பல்லுப்பொடின்னு டப்பாவத் தூக்கி எறிஞ்சீயல்ல அண்ணாச்சி, அன்னையில இருந்து ஒங்க லட்டுல நான் சக்கரைதான் போடுதேன்."