அடிபட்டு வந்த அறிவு

"அஞ்சு வார்த்தை சொன்னேனே, திருப்பிச் சொல்லு," என்றாள் நர்ஸ்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண் கண்ணைச் சுருக்கினாள். கோல்கீப்பர். எந்தப் பந்தும் அவளைத் தாண்டாது என்பதால் அணியில் அவளுக்குச் சுவர் என்று பெயர். சற்று முன்தான் சுவரின் தலை கோல்கம்பத்தில் மோதியிருந்தது.

"விரல், மெத்தை, சர்க்கரை..." அதோடு நின்றுவிட்டது.

"அஞ்சுக்கு மூணு. இவ ஆடக்கூடாது மாஸ்டர்."

"நான் ஆடுறேன் சிஸ்டர்," என்றாள் சுவர், நர்ஸுக்குப் பக்கத்தில் இருந்த தண்ணீர் டிரம்மைப் பார்த்து.

"முதல்ல பழைய தாளைப் பாரும்மா," என்றார் பயிற்சியாளரான மாஸ்டர். இறுதிப் போட்டி. இரண்டாம் பாதிக்கு எட்டே நிமிடம். மாற்று கோல்கீப்பரோ பந்து வந்தால் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுகிறவள்.

நர்ஸ் கோப்பைத் திறந்தாள். சீசன் தொடக்கத்தில் எடுத்த இதே சோதனையில், அடிபடாத தலையோடு, சுவர் சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

"ஒண்ணு இப்ப மூணாயிருக்கு. அடிபட்டதுல அறிவு வந்திருக்கு. கையெழுத்துப் போடு," என்றார் மாஸ்டர்.

பழைய மதிப்பெண்ணுக்குக் குறையாவிட்டால் ஆடலாம். தாளில் அப்படித்தான் அச்சடித்திருந்தது. நர்ஸ் விடவில்லை. மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொன்னாள். சுவர் டிசம்பரில் கிளம்பி, தட்டுத்தடுமாறி, ஜூனில் மூச்சுவாங்கி நின்றாள்.

பழைய தாளில் அவள் நவம்பரையே தாண்டியிருக்கவில்லை.

ஒற்றைக்காலில் நிற்கவைத்தாள். ஏழாவது நொடியில் சுவர் சாய்ந்தது. நர்ஸ் தாங்கிப் பிடித்தாள். பழைய கணக்கு இரண்டு நொடி.

"போற போக்கைப் பாத்தா டாக்டராயிடுவா போலிருக்கே," என்றார் மாஸ்டர்.

கண்ணெதிரே பிள்ளை வெளிறிப்போய் உட்கார்ந்திருக்கிறாள். சோதிக்கச் சோதிக்கத் தேறிக்கொண்டே போகிறாள். நாம்தான் அன்றைக்குத் தப்பாக எழுதிவிட்டோமோ என்று நர்ஸ் மற்றப் பெண்களின் தாள்களைப் புரட்டினாள்.

"என்ன மாஸ்டர் இது? அத்தனை பேரும் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்லியிருக்காங்க."

"ஆட்டம் கால்ல இருக்கும்மா, தலையில இல்ல. படிச்ச பொண்ணு, நீயே எழுதின தாளை நீயே நம்பலைன்னா எப்படி?"

நடுவர் விசில் ஊதினார். மாஸ்டர் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார்.

"கடைசியா ஒரே ஒரு தடவை," என்று நர்ஸ் சுவரின் முன் மண்டியிட்டாள். "புதுசா அஞ்சு. குடை, மணல், ஜன்னல், எலுமிச்சை, கயிறு. சொல்லும்மா."

சுவர் அவளைப் பார்க்கவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி மாஸ்டரைப் பார்த்தாள்.

"மாஸ்டர், அன்னிக்கு மாதிரியே இன்னிக்கும் ஒண்ணுதான் சொல்லணுமா? நீங்க சொல்லிக்கொடுத்தது மறந்துபோச்சு."