சிவப்பு மூடி சொன்ன குறி

குடல்ஞானி வந்துவிட்டார்! இனி ஊரில் ஒரு வயிறும் உப்பாது, ஒரு நெஞ்சும் எரியாது. ஒலிபெருக்கி அப்படித்தான் கத்தியது. வாடகை மண்டபம் நிரம்பி வழிந்தது. பெரிய பெரிய பட்டம் வாங்கியவர்கள்கூட ஆளுக்கொரு பாட்டிலோடு வரிசையில் நின்றார்கள்.

பாட்டில் சங்கதி இதுதான். தூங்கும்போது தண்ணீர் பாட்டிலை வயிற்றின்மேல் வைத்துக்கொள்ள வேண்டும். வயிறு தன் குறையையெல்லாம் தண்ணீரிடம் கொட்டிவிடும். ஞானி திரைக்குப் பின்னால் உட்கார்ந்து அதை ஆட்டிப் பார்த்துக் குறி சொல்வார். ஆண்களுக்கு நீல மூடி, பெண்களுக்குச் சிவப்பு மூடி. முக்காலமும் உணர்ந்தவருக்கு மூடியின் நிறம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. கேட்டால் பலிக்காதாம்.

அவள் தையல் கம்பெனியில் காலர் தைப்பவள். சாப்பிட்டால் மேல்வயிறு எரியும், கீழ்வயிறு முறுக்கும். பஸ் ஓட்டும் அவள் புருஷனுக்கும் அதே எரிச்சல், அதே முறுக்கல்.

டாக்டரம்மா அவளிடம் விளக்கமாகவே சொல்லியிருந்தார். "மேல எரியறது ஒரு நோவு, கீழ முறுக்கறது ஒரு நோவு, ரெண்டும் சேர்ந்தும் வரும்மா. பொம்பளைங்களுக்குக் கொஞ்சம் அதிகம். ஸ்கேன்ல தெரியலங்கறதுக்காக அது பொய்யில்ல. உன் தப்பும் இல்ல."

ஞானி சொன்னது வேறு. போன வாரம் மண்டபமே கேட்க மைக்கில் நீல மூடிக்கு, "குடும்ப பாரம் சுமக்கற வயிறு. ஓய்வு கொடுங்க." சிவப்பு மூடிக்கு, "கட்டினவன்கிட்ட எதையோ மறைக்கறா. வாசல் தாண்டறத நிறுத்தாம இந்த வயிறு ஆறாது."

அன்றிலிருந்து புருஷன் அவள் கைப்பையைத் துழாவினான். வேலையை விடச் சொன்னான். வயிற்றைவிட மனசுதான் அவளுக்கு அதிகம் எரிந்தது.

"சரி, இன்னொரு தடவையும் அப்படியே சொன்னா விட்டுடறேன்," என்றாள். "மறுகுறிக்குப் போறப்ப நம்ம ரெண்டு பேர் மூடிய மட்டும் மாத்திப் போடுங்க. உங்க கையாலயே போடுங்க. வயிறுதானே பேசுது, மூடியா பேசுது?"

அவனுக்கு ஞானியின்மேல் மலையளவு நம்பிக்கை. மாற்றிப் போட்டான்.

திரைக்குப் பின்னால் சிவப்பு மூடி பாட்டில் குலுங்கியது.

"அடடா! மனசு பூரா கள்ளம். வெளியில யாரோடயோ பழக்கம். வீட்டோட அடக்கி வைக்கணும்!"

மைக்கில் மண்டபம் முழுக்கக் கேட்டது. டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை.

"சாமி, அது என் புருஷனோட வயிறு!" அவள் குரல் ஓங்கியது. "யாரோட பழக்கம்னு அவரையே கேட்டுச் சொல்லுங்க!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. திரை விலகி ஒரு வியர்த்த முகம் எட்டிப் பார்த்தது.

"மூடிய மாத்தினா தண்ணியோட சக்தி போயிடும்மா!"

"சக்தி போனது ஆட்டிப் பார்த்தப்ப தெரியலையா?"

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "இந்த ஆள் பேச்சாலதான் என் டீச்சர் வேலை போச்சு!" அவள் வீசிய பாட்டில் மேடையில் விழுந்தது. முக்காலமும் உணர்ந்தவர் அடுத்த பாட்டில் வருவதையும் உணர்ந்து பின்வாசல் வழியாக ஓடினார்.

"நாளைக்கு நானும் அந்த டாக்டர்கிட்ட வரேன்," என்று புருஷன் முணுமுணுத்தான்.

"வாங்க. அதுக்கு முன்னாடி மன்னிப்பு கேளுங்க. என் மானம் போனது மைக்குலதானே? அதுலயே கேளுங்க."

கேட்டான்.

ஐயா பெரியோர்களே! ஒரே நோவு ஆணுக்கு வந்தால் உழைப்பு, பெண்ணுக்கு வந்தால் ஒழுக்கக்கேடு என்று எவனாவது சொன்னால், அது நம் காதுக்கு ஏன் இவ்வளவு இனிக்கிறது என்று சற்றே யோசியுங்கள். யோசித்ததால் யாருக்கும் வயிற்றுவலி வந்ததில்லை.