லைட் கேலி!

மனிதர்களில் ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்றோர் இனம் உண்டு. வாளியில் ஹீட்டர் ராடைப் போட்டுவிட்டு, தண்ணீர் சுட்டுவிட்டதா என்று சுவிட்சை அணைக்காமலே விரலை விட்டுப் பார்க்கும். பிளக் உடைந்தால் புதிது வாங்காது. வயரின் இரண்டு முனையையும் சீவி, ஓட்டையில் சொருகி, தீக்குச்சியால் இறுக்கி, மகாகாரியம் செய்த பெருமையோடு நம்மைத் திரும்பிப் பார்க்கும். ஃப்யூஸ் போனால் மெல்லிய கம்பி இருக்க வேண்டிய இடத்தில் துணி காயப்போடும் கொடிக்கம்பியைச் சுற்றி, ‘இனி இது ஜென்மத்துக்கும் போகாது’ என்று சத்தியம் செய்யும். ஃப்யூஸ் போகாதுதான். வீடு போகும்.

புனேயில் கட்கிப் பக்கம் இந்த இனத்தின் தலைமகன் பரமசிவம். வேலூரிலிருந்து அப்பா காலத்திலேயே வந்து ஊன்றிய குடும்பம். ஒரு தொழிற்சாலையில் பெயிண்ட் அடிக்கிற வேலை. வருஷா வருஷம் அங்கே பாதுகாப்பு வாரம் நடக்கும். ‘ஷாக் அடித்தவனைத் தொடாதே, முதலில் மெயினை அணை, முடியாவிட்டால் காய்ந்த கட்டையால் தள்ளு, மூச்சு இருக்கிறதா பார்’ என்று மேடையில் ஏறி இந்தியில் மூச்சுவிடாமல் முழங்குவது யார் என்கிறீர்கள்? சாட்சாத் பரமசிவமேதான். கைதட்டல் கூரையைப் பிய்க்கும். முன்வரிசையில் குடும்பத்தாரோடு உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி பவுனும் தட்டுவாள். ஊருக்குத்தானே உபதேசம்?

வீட்டில் அவர் வயரைத் தொடும்போதெல்லாம் பவுன் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவருவாள்.

“ஏங்க, மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தான் செய்யுங்களேன்.”

“மெயினை பந்த் பண்ணிட்டு வேலை செய்றவன் ஆம்பளையா? நீ போயி வேலையப் பாரு. ஒண்ணும் ஆகாது.”

லோட்ஷெடிங் காலம் வந்தது. பரமசிவத்துக்கு யோகம் அடித்தது. அரசாங்கமே கரண்டை நிறுத்தித் தரும்போது, இவர் எதற்கு ஸ்டூல் போட்டு ஏறி மெயினைத் தொட வேண்டும்? கரண்ட் போனால் சந்தில் யாராவது மராத்தியில் ‘லைட் கேலி!’ என்று கத்துவார்கள். போய்விட்டது என்று அர்த்தம். வந்தால் ‘ஆலி!’ என்பார்கள். இந்த இரண்டு சொல்லை நம்பித்தான் நம் ஆள் தன் உயிரையும் பெண்டாட்டியின் தாலியையும் வைத்திருந்தார். சந்தில் கத்துகிறவர்களுக்கு இவ்வளவு பெரிய உத்தியோகம் தாங்கள் பார்ப்பது தெரியாது, பாவம்.

ஒரு வியாழக்கிழமை காலை. சமையலறை சுவிட்ச் போர்டைக் கழற்றித் தொங்கவிட்டு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு, கரண்ட் போகிற நேரத்துக்காகப் பரமசிவம் காத்திருந்தார். பட்டப்பகல், லைட்டும் ஃபேனும் போட்டிருக்கவில்லை; கரண்ட் இருக்கிறதா போயிற்றா என்று காட்ட ஒன்றுமில்லை. பவுன் சப்பாத்தி மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

வாசலில் பக்கத்து வீட்டு ஷிந்தே அம்மாள் வாய்விட்டுக் கத்தினாள். “கேலி! கேலி!”

“பாத்தியா, கேலி!” என்று சொல்லிக்கொண்டே பரமசிவம் வயரைப் பிடித்தார்.

போனது அந்தம்மாள் பிடிக்கவிருந்த பிம்ப்ரி பஸ். மராத்தியில் பஸ்ஸும் பெண்பால், லைட்டும் பெண்பால். எது போனாலும் ‘கேலி’தான். பிறந்ததிலிருந்து அந்த மண்ணில் இருக்கிறவருக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஒரு சுவிட்சைப் போட்டுப் பார்த்திருந்தாலே போதும். அந்த அறிவு இருந்தால் அவர் இந்த இனத்தில் எப்படிச் சேர்த்தி?

அவர் தொண்டையிலிருந்து என்னவோ ஒரு சத்தம் வந்தது. கை வயரை விடவில்லை, உடம்பு உதறியது. பவுன் பதறியடித்துப் பாய்ந்தாள். தொடப்போன கையைப் பார்த்தாள்: மாவும் ஈரமும். தொடாதே, தொடாதே என்று மேடையில் முழங்கிய குரல் சரியான நேரத்தில் அவள் காதில் விழுந்தது. கையைப் புடவையில் அழுந்தத் துடைத்துக்கொண்டு, மர ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, கதவுக்கு மேலிருந்த மெயினை இறக்கினாள். பரமசிவம் மூட்டையாகச் சரிந்தார்.

சத்தம் கேட்டுச் சந்தே உள்ளே வந்தது. ஒருவர் குடத்துத் தண்ணீரைத் தலையில் கொட்ட வந்தார். இன்னொருவர் கரண்ட் இறங்க மண்ணில் கழுத்துவரை புதைக்கலாம் என்றார். ஒரு புண்ணியவதி கருகிய விரலில் பூச டூத்பேஸ்ட் கொண்டுவந்தாள்.

“கோயி பானி மத் டாலோ! ரிக்‌ஷா புலாவோ!” தண்ணீர் ஊற்றாதீர்கள், ரிக்‌ஷாவைக் கூப்பிடுங்கள் என்று பவுன் இந்தியில் கத்திய கத்தில் எல்லாரும் நின்றார்கள். மூக்கருகே கன்னத்தை வைத்துப் பார்த்தாள். மூச்சு இருந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே அவரைப் பக்கவாட்டில் புரட்டிப் படுக்க வைத்தாள்.

மகானுபாவர் கண் திறந்தார். முதல் கேள்வி என்ன தெரியுமா?

“மெயினை எவன் ஆஃப் பண்ணது?”

வெந்த விரல்களைக் குழாய்த் தண்ணீரில் பிடிக்கச் செய்து, ‘எனக்கு ஒண்ணும் ஆகல’ என்று முனகியவரை ரிக்‌ஷாவில் தள்ளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடுகிறது, கரண்ட் உள்ளே செய்தது வெளியே தெரியாது, ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார் டாக்டர்.

மறுநாள் பார்க்க வந்தவர்களிடம் கட்டில்மேல் அமர்ந்து பரமசிவம் பிரசங்கம் செய்தார். “நம்ம பாடி தாங்கிச்சி. வேற எவனாச்சும் இருந்தா அங்கியே காலி. எல்லாம் அந்த ஷிந்தேம்மா தப்பாக் கத்துனதால வந்த வினை.”

பவுனுக்கு எங்கிருந்துதான் வந்ததோ அத்தனை ஆத்திரம்.

“அந்தம்மா போன பஸ்ஸுக்குக் கத்துச்சி. அதுக்குப் பின்னால இன்னொரு பஸ் வரும். நீ போயிருந்தா நான் எதுக்குய்யா காத்துக்கினு நிப்பேன்?”

பரமசிவம் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் திருந்தினார் என்று நான் சொல்லவில்லை. இந்த இனம் அத்தனை சுலபத்தில் அழியாது.

நீங்கள் அப்படியில்லை, நியாயம்தான். பரமசிவத்தை நாலு திட்டு திட்டிவிட்டு எழுந்து போங்கள். வாய் உலர்ந்திருக்கும், ஃப்ரிட்ஜைத் திறந்து ஒரு டம்ளர் ஜில்லென்று குடியுங்கள். என்ன தேடுகிறீர்கள்? செருப்பா? ‘கைப்பிடி லேசா சுர்ருங்கும், செருப்பு போட்டுக்கிட்டுத் தொறங்க, ஒண்ணும் ஆகாது’ என்று வந்த விருந்தாளிக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பது உங்கள் வீட்டில் யார்?