நின்றுகொள்ள இரண்டடி நிலம்

மதுரையில் பூட்டு வியாபாரம் செய்யும் முகமது ஆசிப்புக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு கூட்ஸ் வண்டி, எஞ்சின் முதல் கார்டு பெட்டி வரை, ஒரே படத்தில் அடங்க வேண்டும். போட்டிக்குப் படம் அனுப்பச் சனிக்கிழமை கடைசி நாள்.

பல ஊர் அலைந்து இடத்தையும் கண்டுபிடித்துவிட்டார். சமயநல்லூர் தாண்டி, தண்டவாளம் வளைகிற இடத்துக்கு எதிரே, புறம்போக்கில் ஒரு மண்மேடு. ஏறி நின்றதும், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருளாயி கேட்டார்: "யாரைக் கேட்டு நிக்கிறீக?"

நியாயமான கேள்வி. ஆசிப் தல்லாகுளம் போய், ஓர் அலுவலகத்தில் 'நிற்க இடம் வேண்டி' மனுக் கொடுத்தார். 'இடம்' என்ற சொல் இருந்ததால் மனு வீட்டுமனைப் பிரிவுக்குப் போனது.

"எம்புட்டு நேரம் நிப்பீக, பாய்?" என்றார் எழுத்தர் மருது.

"பத்து நிமிஷம்ணே."

"பத்து நிமிஷத்துக்கு விதி இல்லையே. முப்பது வருஷம்னு கேளுங்க, உடனே போட்டுரலாம்."

"அம்புட்டு நாள் நிக்க முடியாதுண்ணே."

"நிக்க யாரு சொன்னா? கேக்கத்தான சொல்றேன். ரயிலு எத்தனை மணிக்கு?"

"கூட்ஸுக்கு டயம் கிடையாதுண்ணே."

"அப்ப 'எல்லா நேரமும்'னு போட்டுருவோம்."

வெள்ளிக்கிழமை ஆணை பிறந்தது. 'மேற்படி மனுதாரர் மேற்படி மேட்டில் இரண்டடிக்கு இரண்டடி பரப்பில், எல்லா நேரமும், முப்பது ஆண்டுகள் நிற்கலாம்.' சர்வேயர் வந்து நான்கு மூலையிலும் கல் நட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டார்.

சனிக்கிழமை காலை ஆசிப் கோட்டுக்குள் நின்றார். அரசாங்கக் கல்லுக்கு நடுவே ஒருவர் அசையாமல் நிற்பதைப் பார்த்த பால்காரர், வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் நின்றார். அவருக்குப் பின்னால் இருளாயி. மதியத்துக்குள் வரிசை ரோட்டைத் தொட்டது.

"என்னண்ணே குடுக்குறாக?"

"தெரியல மாப்ள. இன்னைக்கு விட்டா கிடைக்காதாம்."

தகவல் எட்டி, மருது மேசையோடு வந்து டோக்கன் கொடுக்கத் தொடங்கினார். கூட்டம் மேட்டின் மேல் ஏறியது. அப்போதுதான் கூட்ஸ் வந்தது. ஐம்பத்தெட்டுப் பெட்டி. அடக்கிவைத்த பெருமூச்சு ஒன்று முடியாமல் நீள்வதுபோல் போய்க்கொண்டே இருந்தது. ஆசிப்பின் கேமராவுக்குள் தலைகள்தான் இருந்தன.

"அண்ணே, இது என் இடம்ணே! ஆர்டர் இருக்கு!"

"ஆர்டர் நிக்கிறதுக்கு, பாய். முன்னால நிக்கிறதுக்கு டோக்கன். கடைசிக்குப் போங்க."

ஆசிப் கடைசிக்குப் போனார். அவருக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்துப் பதறினார்: "கேமரா கொண்டாரணுமா? சொல்லவே இல்லையே!"

மறுநாள், அந்த வரிசையில் நின்ற நாங்கள் எல்லோரும் கேமராவோடு போனோம். முன்னால் நிற்பவரின் பிடரி எல்லார் படத்திலும் தெளிவாக விழுந்திருக்கிறது.